சொந்தம் என்றால் குறை சொல்ல மாட்டார்களா?

கேள்வி: எனக்கு 46 வயது. பாலிமயோசைட்டிஸ் (தசை அழற்சி நோய்) என்று சொல்லி 11 வருடம் ஸ்டீராய்ட் கொடுத்தார்கள். முகம் உப்பியது, சர்க்கரை வந்தது, கால் மட்டும் தேறவில்லை. போன மாதம் ஜீன் டெஸ்ட்டில் டிஸ்ஃபெர்லின் என்கிற தசைப் புரதக் குறைபாடு, பரம்பரைத் தசைச்சிதைவு என்று வந்துவிட்டது. என் அம்மா, அப்பாவுக்கு அக்காள் மகள். வீணாய்ப் போன வருடங்களை நினைத்தால் தூக்கம் வரவில்லை. நல்லவேளை, மகளைத் தம்பி மகனுக்கே பேசி முடித்தாயிற்று. தையில் கல்யாணம். சொந்தம் என்பதால் என் நோயை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். மனம் தேற வழி சொல்லுங்கள்.
– வாசகி, திண்டுக்கல்

பதில்: மனம் தேறுவதை அப்புறம் பார்க்கலாம். அந்த ரிப்போர்ட்டைத் தம்பியிடம் காட்டினீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரி இல்லை. மூட்டு வலி என்று சொல்லி வைத்திருப்பீர்கள்.

தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு ஜீனும் பழுதானால்தான் இந்த நோய் வரும். உங்களுக்கு இரண்டுமே பழுது. அதனால் உங்கள் மகளிடம் ஒரு பழுது கட்டாயம் இருக்கும், டெஸ்ட்டே தேவையில்லை. நோயில்லாத தம்பியிடம் ஒன்று இருக்க மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு. இருந்தால், அது அவர் மகனுக்கு வந்திருக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. வந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. பதினெட்டு, இருபது வயதுவரை ஓடியாடிவிட்டு, ஒருநாள் நுனிக்காலில் எழும்பி மேல் தட்டு டப்பாவை எடுக்க முடியாமல் போகும். உங்களுக்கும் அப்படித்தானே ஆரம்பித்தது?

குறை சொல்ல ஆளில்லாத வீடாகப் பார்த்துப் பெண் கொடுக்கிறீர்கள். தம்பி உங்களை நம்புகிறவர் என்பதால்தானே இந்தத் தைரியம்? கூடப் பிறந்தவனிடம் இதை மறைப்பது துரோகம். வேறு நல்ல வார்த்தை என்னிடம் இல்லை.

தசைத் துணுக்கை எடுத்துப் பார்க்கும் பயாப்ஸியில் அழற்சி தெரிவதால் இந்த நோயைப் பாலிமயோசைட்டிஸ் என்று தவறாக எடுத்துக்கொள்வது பல ஊர்களில் நடப்பதுதான். கோபப்படுங்கள், நியாயம். ஆனால் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டாக்டர் சொல்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி தசைச்சிதைவும் ஊனப் பட்டியலில் இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

முதலில் தம்பிக்குப் போன் போடுங்கள். உங்கள் ரிப்போர்ட்டில் உள்ள அதே பழுது பையனிடம் இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்க்க வேண்டும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபணு ஆலோசனை கிடைக்கும். மகளையும் கூட்டிப்போங்கள். அவனிடமும் இருந்தால், கட்டிக்கொள்வதா வேண்டாமா என்பதை அவர்கள் இருவரும் முடிவு செய்யட்டும். கட்டிக்கொண்டாலும் கருவிலேயே பரிசோதிக்க வழி உண்டு. பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தால் நிறுத்துங்கள். தை போனால் வைகாசி இருக்கிறது.