“நரம்பு டாக்டராகோணும்” என்கிற பிள்ளையின் அப்பாவுக்கு

போன வாரம் மகளின் மேல்படிப்புக்கு ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வெள்ளகோவில் பக்கமிருந்து வந்திருந்தீர்கள். “ஏனுங்க சார், புள்ள நரம்பு டாக்டராகோணுங்குது. அதுவும் ஃபிட்ஸ் பாக்கற டாக்டராமுங்க. அதுக்குன்னு தனிப் படிப்பு இருக்குதுங்களா?” என்று கேட்டீர்கள். அன்று வெளியே ஐந்தாறு பேர் காத்திருந்ததால் பாதியில் விட்டுவிட்டேன். மீதியை எழுதிவிடுகிறேன். இதே கேள்வி வேறு வீடுகளிலும் ஓடிக்கொண்டிருக்கும்.

இந்த ஆசை எங்கிருந்து வந்தது என்று உங்கள் மகள்தான் சொன்னாள். ஹாஸ்டலில் விடியற்காலை நாலரை மணிக்குப் படிக்க எழுப்பிவிட்ட நேரத்தில் அறைத் தோழிக்கு வலிப்பு வந்திருக்கிறது. ஒருவர் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார், இன்னொருவர் பல்லுக்கிடையில் ஸ்பூனை வைக்கப் பார்த்தார். இரண்டுமே கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயில் எதையும் வைக்காமல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் 108. இதைப் பெரியவர்களுக்கே யாரும் சொல்லித்தரவில்லையே என்று அவளுக்குக் கோபம். டாக்டர் படிப்புக்கு என்னிடம் வரும் பிள்ளைகள் சொல்லும் காரணங்களில் இது நல்ல காரணம் என்றே நினைக்கிறேன்.

முதலில் வருடக் கணக்கு. எம்.பி.பி.எஸ். பயிற்சியோடு சேர்த்து ஐந்தரை வருடம். பிறகு பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. மூன்று வருடம். அப்புறம் இன்னொரு நுழைவுத் தேர்வு எழுதி டி.எம். நியூராலஜி, அதாவது நரம்பியல் உயர்சிறப்புப் படிப்பு, மூன்று வருடம். மொத்தம் பதினொன்றரை. எங்கேயும் தடங்காமல் போனால் முப்பது வயதில் முடிப்பாள். ஆனால் தடங்காமல் போகிறவர்கள் குறைவு, எம்.டி. இடத்துக்கே ஓரிரு வருடம் காத்திருப்பவர்கள் நிறைய. வலிப்பு மட்டும் தனியாகக் கற்க வேண்டுமென்றால் அதன் பிறகு ஃபெலோஷிப் என்கிற சிறப்புப் பயிற்சி. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிறுவனத்தில் வலிப்புக்கென்றே பெரிய மையம் இருக்கிறது. மூளை, மனநல சிகிச்சைக்கான பெங்களூரு நிம்ஹான்ஸும் இதில் பேர்போனது.

பதினொன்றரை வருடமும் உங்கள் கைக்காசு என்று பயப்பட வேண்டாம். எம்.டி., டி.எம். படிக்கும்போது மாதா மாதம் உதவித்தொகை வரும், இரவும் பகலும் வேலை வாங்கிக்கொண்டுதான் கொடுப்பார்கள். அரசுப் பணியில் சேர்ந்த டாக்டர்களுக்குத் தமிழ்நாட்டு அரசுக் கல்லூரிகளின் உயர்சிறப்பு இடங்களில் தனி ஒதுக்கீடும் இருக்கிறது. ஆக, சிக்கல் முதல் வாசலில்தான். நீட்டில் 720 மதிப்பெண், அதில் பிசிக்ஸ் மட்டும் 180. நம் பக்கத்துப் பிள்ளைகள் பயாலஜியை மனப்பாடமாக வைத்திருந்து பிசிக்ஸில் கோட்டை விடுவதை வருடா வருடம் பார்க்கிறேன். 7.5 சதவீத ஒதுக்கீடு உங்கள் மகளுக்குப் பொருந்தாது, அது ஆறாவது முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. சின்னவன் இப்போதுதான் ஐந்தாவது என்றீர்கள். அவனையும் தனியார் பள்ளி ஹாஸ்டலில் சேர்க்கும் முன் இதை ஒரு தடவை யோசியுங்கள். இன்னொன்று: இருக்கிற காட்டை விற்று நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்க்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். முன்னே இரண்டு பட்டம் பாக்கி இருக்கும்போது முதல் பட்டத்துக்கே கையிருப்பைக் காலி செய்யக் கூடாது.

சரி, வேலை எப்படி இருக்கும்? நீங்கள் “மூளையைத் தொறந்து பாப்பாங்களா” என்று கேட்டீர்கள். அது நியூரோ சர்ஜன், வேறு வழி. நியூராலஜிஸ்ட் கத்தி பிடிப்பதில்லை. பேருந்து நிலையச் சுவரில் நரம்புத் தளர்ச்சி என்று விளம்பரம் ஒட்டுகிறவர்களுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. கோவையிலோ ஈரோட்டிலோ நியூராலஜிஸ்டாக உட்கார்ந்தால் வலிப்போடு பக்கவாதம், தலைவலி, நடுக்கம், ஞாபக மறதி எல்லாம் வரும். பக்கவாதத்துக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதனால் ராத்திரி போன் உண்டு. வலிப்பை மட்டும் பார்க்கிற டாக்டர்கள் பெரிய மையங்களில்தான்.

நான் டாக்டர் இல்லை. ஆனால் என்னிடம் ஆலோசனை கேட்டுப் போய் இன்று டாக்டராக இருக்கிறவர்கள் சொல்லிக் கேட்டதில் ஒன்று மனதில் நிற்கிறது. வலிப்பு பார்க்கும் டாக்டர் வலிப்பை நேரில் பார்ப்பது அபூர்வம். நோயாளி வந்து உட்காரும்போது நன்றாகத்தான் இருப்பார். நடந்தது அவருக்கே தெரியாது. பக்கத்தில் இருந்தவர் சொல்வதை வைத்துத்தான் வைத்தியம். இ.இ.ஜி. இருக்கிறது, மூளையின் மின்னோட்டத்தைக் கோடுகளாகக் காட்டும். ஆனால் வலிப்பு நோய் இருப்பவருக்கும் அது சில சமயம் சரியாகவே வரும். அதனால் கேள்விகள்தான் முக்கியம். வயசுப் பிள்ளையின் அம்மாவிடம் “காலையில எந்திரிச்சதும் கையிலிருந்து டம்ளர் தெறிச்சு விழுதா?” என்று கேட்பார்கள். கவனமில்லை என்று அதுவரை அந்த அம்மா திட்டிக்கொண்டிருந்திருப்பார். பருவ வயதில் வரும் ஒருவகை வலிப்பின் அடையாளம் அது. தூக்கம் கெட்டால் அதிகமாகும். அந்த ஒரு பதிலால் மாத்திரையே மாறும், ஏனென்றால் மற்ற வலிப்புகளுக்குக் கொடுக்கும் சில மாத்திரைகள் இதைக் கிளறிவிடும்.

மாத்திரை எழுதிக் கொடுத்ததோடு வேலை முடிவதும் இல்லை. சங்ககிரி லாரி டிரைவர் ஒருவருக்கு வலிப்பு என்று உறுதியானால் இனி ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்று அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டும். அவர் வீட்டில் அடுப்பு எரிவது அந்த ஸ்டியரிங்கால். கீழ்பவானி வாய்க்காலில் குளிக்காதே, தென்னையில் ஏறாதே, பனியன் கம்பெனியில் நைட் ஷிஃப்ட் வேண்டாம் என்று ஒவ்வொருவர் பிழைப்பையும் தெரிந்து சொல்ல வேண்டும். பெண் பிள்ளைகள் விஷயம் இன்னும் கடினம். கல்யாணம் பேசியதும் மாத்திரையை ஒளித்துவைப்பார்கள், பிறகு நிறுத்தியே விடுவார்கள். முந்தின ராத்திரி சீர், விடிந்தால் முகூர்த்தம், தூக்கமும் கிடையாது. வலிப்பு மணவறையிலேயே வந்த கதைகள் உண்டு. இந்து திருமணச் சட்டத்தில் வலிப்பைத் திருமணத்துக்குத் தடையாக வைத்திருந்ததை 1999-லேயே நீக்கிவிட்டார்கள், தரகர்களுக்கு இன்னும் தெரியாது. வால்புரோயேட் என்ற மாத்திரை நன்றாக வேலை செய்யும், ஆனால் கர்ப்பத்தில் குழந்தையைப் பாதிக்கலாம். அதனால் கல்யாணப் பேச்சு எழும் முன்பே டாக்டர் அந்தப் பேச்சை எடுத்தாக வேண்டும்.

மருந்து ஒழுங்காக எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பில்லாமல் இருக்க முடியும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. மற்றவர்களில் சிலருக்கு அறுவை சிகிச்சை உதவும். மீதிப் பேரை டாக்டர் வருடக்கணக்கில், அதே முகங்களை, பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். பரபரப்பு வேண்டும் என்கிற பிள்ளைக்கு இது சலித்துவிடும்.

நீட் கைகூடாவிட்டால் இந்தத் துறையின் கதவு அடைபட்டுவிடாது. இ.இ.ஜி. எடுக்கிற தொழில்நுட்பர் வேலைக்கு எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் நியூரோ எலக்ட்ரோ பிசியாலஜி என்ற பி.எஸ்சி. படிப்பு இருக்கிறது. வலிப்பை உண்மையில் கண்ணால் பார்ப்பது பல சமயம் அவர்கள்தான்.

உங்கள் மகளிடம் அன்று ஒரு தாளைக் கொடுத்து, தோழி விழுந்த அன்று பார்த்ததை மட்டும் எழுது, கேள்விப்பட்டதை எழுதாதே என்றேன். நீங்கள் டீ குடிக்கப் போயிருந்தீர்கள். ஒரு பக்கம் எழுதியிருக்கிறாள். கை எப்படி வெட்டி இழுத்தது, கண் எங்கே போனது, முழிப்பு வர எவ்வளவு நேரம் ஆனது என்ற இடத்தில் “யாரும் மணி பார்க்கவில்லை” என்று நேர்மையாக எழுதியிருக்கிறாள். கடைசியில் ஒரு வரி: “அதுக்கு முந்தின நாள் பல் விளக்கும்போது அவள் கையிலிருந்து மக் ரெண்டு தடவை தெறித்து விழுந்தது. நாங்கள் சிரித்தோம்.”

அந்தத் தோழியின் வீட்டு நம்பர் உங்களிடம் இருக்கும். அவள் அம்மாவைக் கூப்பிட்டு இந்த மக் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், அடுத்த தடவை டாக்டரிடம் மறக்காமல் சொல்லட்டும். மகளை அடுத்த சனிக்கிழமை அனுப்புங்கள். பிசிக்ஸ் நோட்டோடு வரச் சொல்லுங்கள்.