மழைக்காலத்தில் வீட்டுச் சவர்க்காரம்: கேள்வி பதில்

ஆயர் ஈத்தாம் வாசகர்: அக்கா, அச்சிலிருந்து எடுத்த சவர்க்காரத்தின் மேல் முத்து முத்தாய் நீர் கோத்து நிற்கிறது. கெட்டுவிட்டதா?

கெடவில்லை. எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் சேரும்போது கிளிசரின் உண்டாகும். வீட்டில் செய்வதில் அது அத்தனையும் உள்ளேயே தங்கி, காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் மழையில் இது சகஜம். உப்புப் போட்டிருந்தால் இன்னும் வியர்க்கும். தேய்க்காமல் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள்.

கிள்ளான்: மழைக்குத் தண்ணீர் அளவை மாற்றணுமா?

கட்டாயம். செம்பனை எண்ணெய் 500 கிராம், தேங்காய் எண்ணெய் 300, ஆலிவ் 200 என்று வையுங்கள். 5 விழுக்காடு எண்ணெய் மிஞ்சும்படி காஸ்டிக் 145 கிராம். பலரும் இதற்கு 380 கிராம் தண்ணீர் ஊற்றுகிறார்கள். நம் ஊர்க் காற்றில் அது லேசில் உலராது. காஸ்டிக்கைப்போல் 1.7 மடங்கு, அதாவது 247 கிராம் போதும். கலவை சீக்கிரம் இறுகும், அதனால் வாசனைத் தைலத்தை முன்பே அளந்து வையுங்கள். தண்ணீர் 145 கிராமுக்குக் கீழே போனால் காஸ்டிக் முழுக்கக் கரையாது. எப்போதும் தண்ணீரில்தான் காஸ்டிக்கைப் போடணும். காஸ்டிக் மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துத் தெறிக்கும்.

செந்தூல்: காஸ்டிக் கட்டி பிடித்துவிட்டது. அதே எடை போடலாமா?

வேண்டாம். ஈரத்தையும் கரியமில வாயுவையும் குடித்த காஸ்டிக் அது. தராசு 145 காட்டினாலும் வேலை செய்யும் காஸ்டிக் குறைவு. எண்ணெய் அதிகம் மிஞ்சி, சவர்க்காரம் கொழகொழவென்று நிற்கும். பிறகு ஆரஞ்சுப் புள்ளியும் காறல் வாடையும் வரும். புதிதாக வாங்குங்கள். அளந்த கையோடு டப்பா மூடியை இறுக்குங்கள்.

பட்டர்வொர்த்: உலர்த்தக் காத்தாடி போதாதா? ஏர்கோன் அறையில் வை என்கிறார்களே, அது எதற்கு?

காத்தாடி காற்றை நகர்த்தும், ஈரத்தை எடுக்காது.

பிரிக்பீல்ட்ஸ்: நான் ஒப்பமாட்டேன் அக்கா. காற்று ஓடினால் தண்ணீர் இறங்கத்தானே செய்யும்?

முதல் வாரம் இறங்கும், அதை ஒத்துக்கொள்கிறேன். அதன்பின் ஈரப்பதம் 80 விழுக்காட்டைத் தாண்டிய மழைக்காற்றைச் சவர்க்காரத்தின் மேல் வீசி என்ன பயன்? ஒரு கட்டியில் அடையாளம் போட்டு வாராவாரம் நிறுத்துப் பாருங்கள். எடை இறங்கிக்கொண்டே வரணும். மழை வாரத்தில் ஏறினால் அது காற்றிலிருந்து குடிக்கிறது.

பிரிக்பீல்ட்ஸ்: அப்போ சவர்க்காரம் உலரும் ஆறு வாரமும் ஏர்கோன் ஓடணுமா? கரண்ட் பில்லை யார் கட்டுவது?

ஏர்கோனே வேண்டியதில்லை. சின்ன அறையில் ஈரம் உறிஞ்சும் மெஷின் வைத்து, ஈரப்பதத்தை 50 முதல் 55க்குள் நிறுத்துங்கள். ஏர்கோன்தான் இருக்கிறதென்றால், குளிர்ந்த கட்டியை அப்படியே வெளியே கொண்டுவராதீர்கள், உடனே நீர் கோக்கும். உறையில் சுற்றி வெளியே எடுத்து, அறைச் சூட்டுக்கு வந்தபின் பிரியுங்கள்.

ஜார்ஜ்டவுன்: என் சவர்க்காரமும் வியர்க்கிறது, கெட்டுவிட்டதா?

முதல் பதிலைப் படியுங்கள்.

சிரம்பான்: மேலே வெள்ளைத் தூள்?

சோடா சாம்பல், அதாவது காஸ்டிக் காற்றிலுள்ள கரியமில வாயுவோடு சேர்ந்து உண்டாகும் தூள். வியர்வை வேறு, இது வேறு. ஊற்றியதும் அச்சை மூடுங்கள், தண்ணீரைக் குறையுங்கள்.

ஈப்போ: குழந்தையின் சிரங்குக்கு எந்த எண்ணெய்?

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

செந்தூல்: புது காஸ்டிக்கும் ஓரத்தில் கட்டுகிறதே?

மூடி, தம்பி. மூடியை இறுக்குங்கள்.