சிக்னல் முழுசாக இருந்தும் ஏன் திக்குகிறது? வைஃபை கேள்வி-பதில்

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் "வேகம் போதவில்லை" என்றே ஆரம்பிக்கின்றன. விவரங்களைப் படித்துப் பார்த்தால், பலருக்குத் தேவையான வேகம் ஏற்கெனவே இருக்கிறது. அனுப்பியதையே மறுபடி அனுப்புவதிலும் வரிசையில் நிற்பதிலும்தான் நேரம் போகிறது.

அடுக்குமாடியில் இருக்கிறோம். சிக்னல் முழுசாகக் காட்டுகிறது. ராத்திரி எட்டு மணிக்கு மேல் வீடியோ கால் திக்கித் திக்கி வருகிறது. ரூட்டரை மாற்றலாமா?

வேண்டாம், முதலில் சேனலை மாற்றுங்கள். நீங்கள் அனுப்பிய படத்தில் சேனல் 3 என்று இருக்கிறது. வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் அடுத்தடுத்த சேனல்களுக்கு 5 மெகாஹெர்ட்ஸ்தான் இடைவெளி. ஒரு வைஃபை இணைப்போ குறைந்தது 20 மெகாஹெர்ட்ஸ் இடம் பிடிக்கும். அதனால்தான் 1, 6, 11 என்று மூன்றை மட்டும் பயன்படுத்தச் சொல்கிறோம். பக்கத்து வீடுகள் 1, 6 என்று இருக்க, நீங்கள் 3-இல் நின்றால் இரண்டு பக்கமும் இடிபடுவீர்கள்.

பக்கத்து வீட்டு சேனலிலேயே போய் உட்காரலாமா என்றால், உட்காரலாம். ஒரே சேனலில் ஒரு ரூட்டர் பேசினால் மற்றது அதைப் புரிந்துகொண்டு, முடியும்வரை பொறுத்திருக்கும். பாதி ஒட்டிய சேனலில் அந்தப் பேச்சு பெரும்பாலும் வெறும் இரைச்சலாகத்தான் கேட்கும், பாக்கெட் (தகவலைப் பிரித்து அனுப்பும் ஒரு துண்டு) கெட்டுவிடும். "வந்து சேர்ந்தது" என்ற பதில் கிடைக்காததால் மறுபடி அனுப்ப வேண்டும். ஒவ்வொரு தோல்விக்கும் காத்திருப்பின் உச்சவரம்பு ஏறக்குறைய இரட்டிப்பாகும்: 15 ஸ்லாட் (காத்திருப்பை அளக்கும் மிகச் சிறிய நேர அலகு), 31, 63 என்று 1023 வரை. வீடியோ கால் திக்குவது இங்கேதான். முடிந்தால் அந்த லேப்டாப்பை மட்டுமாவது 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிடுங்கள்.

கல்லூரியில் அலோஹா (பலர் ஒரே அலைவரிசையைப் பகிர்ந்து அனுப்பும் முறை) படிக்கிறேன். நேரத்தைச் சம கட்டங்களாகப் பிரித்தால் திறன் 18 சதவீதத்திலிருந்து 37 ஆகிறது. சூத்திரம் தெரியும், காரணம் புரியவில்லை.

சூத்திரம் தெரிந்தும் காரணம் கேட்கிறீர்களே, அதற்கே பாராட்டு. 1971-இல் ஹவாய் பல்கலைக்கழகத்தில் நார்மன் ஆப்ராம்சன் குழு அலோஹாவை இயக்கத் தொடங்கியபோது விதி ரொம்ப எளிது: அனுப்ப ஏதாவது இருந்தால் உடனே அனுப்பு, பதில் வராவிட்டால் கொஞ்சம் பொறுத்து மறுபடி அனுப்பு. இதில் ஒரு பாக்கெட்டின் வால் நுனி இன்னொன்றின் தலையில் உரசினாலும் இரண்டுமே முழுசாக வீண். உங்கள் பாக்கெட் பிழைக்க வேண்டுமானால், அது கிளம்புவதற்கு ஒரு பாக்கெட் நேரம் முன்பிருந்து அது முடியும்வரை வேறு யாரும் தொடங்கக் கூடாது. ஆக, ஆபத்தான நேரம் இரண்டு பாக்கெட் நீளம்.

கட்டம் போட்டுவிட்டால் எல்லோரும் கட்டத்தின் தொடக்கத்தில்தான் கிளம்ப முடியும். மோதினால் முழுசாக மோதும், இல்லாவிட்டால் உரசவே உரசாது. ஆபத்து நேரம் ஒரு பாக்கெட் நீளமாகச் சுருங்குகிறது. பாதியானதால் உச்சத் திறன் 18.4-இலிருந்து 36.8 சதவீதமாக, சரியாக இரு மடங்கு. பழைய கதை என்று தள்ளிவிடாதீர்கள். உங்கள் போன் டவரை முதன்முதலாகக் கூப்பிடும் அந்த நொடியில் இன்றும் நடப்பது கட்டம் போட்ட அலோஹாதான்.

ஸ்பீடு டெஸ்ட்டில் எல்லாம் சரி. ஆனால் போன் படங்களை பேக்கப் எடுக்க ஆரம்பித்தால் மகனின் கேம் உறைந்துவிடுகிறது.

போன மாதம் நண்பர் வீட்டில் இதையே கண்ணால் பார்த்தேன். திரையில் பிங் (ஒரு பாக்கெட் போய்த் திரும்ப ஆகும் நேரம்) 22, 24, 23 என்று ஓடிக்கொண்டிருந்தது. அவர் பேக்கப்பைத் தொட்டதும் 340, 780, 910 மில்லிவிநாடி. நிறுத்தினார், மறுபடி 23. ஒரு பாக்கெட்கூடத் தொலையவில்லை. எல்லாம் வரிசையில் நின்றன.

ரூட்டருக்குள் இருக்கும் பஃபர், அதாவது பாக்கெட்டுகள் காத்திருக்கும் இடம், தேவைக்கு மேல் பெரிசாக இருப்பதுதான் காரணம். 10 மெகாபிட் அப்லோடில் ஒரு மெகாபைட் வரிசை நிரம்பினால், அது கரைய 0.8 நொடி ஆகும். மகனின் பாக்கெட் குட்டியூண்டு, ஆனாலும் அத்தனை படங்களுக்கும் பின்னால்தான் அதற்கு இடம். பாக்கெட் தொலைந்தால்தான் பெரும்பாலான டிசிபி (அனுப்பும் வேகத்தைத் தீர்மானிக்கும் இணைய விதிமுறை) வேகத்தைக் குறைக்கும். பெரிய பஃபர் அந்த எச்சரிக்கையைத் தள்ளிப்போட்டுவிடுகிறது. கணினி வல்லுநர் ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டு இணைப்பிலேயே இதைக் கண்டு 'பஃபர்ப்ளோட்' என்று பெயர் வைத்து எழுதினார். 2012-இல் கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் இந்த வரிசையைக் கட்டுப்படுத்தும் கோடெல் முறையைக் கொடுத்தார்கள். வரிசையின் நீளத்தைப் பார்க்காமல், பாக்கெட் எவ்வளவு நேரம் நின்றது என்று அது அளக்கிறது. நிற்கும் நேரம் 5 மில்லிவிநாடிக்குக் கீழே இறங்காமல் 100 மில்லிவிநாடி நீடித்தால், ஒரு பாக்கெட்டைக் கைவிட்டு அனுப்புபவருக்கு உணர்த்தும்.

உங்கள் ரூட்டரில் இப்படி வரிசையைக் கட்டுப்படுத்தும் எஸ்க்யூஎம் என்ற அமைப்பு இருந்தால் இயக்குங்கள். அப்லோட், டவுன்லோட் இரண்டையும் அளந்த வேகத்தில் 90 சதவீதமாக வையுங்கள். அப்போதுதான் வரிசை வேறெங்கும் சேராமல் நம் ரூட்டரின் கையில் இருக்கும். அந்தப் பத்து சதவீதத்தை இழக்க மனசு வராது, தெரியும். மகனிடம் கேட்டுப் பாருங்கள்.

பின்கட்டு அறையில் ஒரு பழைய போன். அது படம் பார்த்தால் எல்லோருக்கும் மந்தமாகிறது. ஒரு போனால் அப்படி ஆகுமா?

ஆகும். வைஃபை எல்லோருக்கும் சமமாகக் கொடுப்பது வாய்ப்பைத்தான், நேரத்தை இல்லை. 1500 பைட் பாக்கெட் 300 மெகாபிட் வேகத்தில் 0.04 மில்லிவிநாடியில் காற்றைக் கடந்துவிடும். தூரத்தில் 1 மெகாபிட்டுக்கு இறங்கிவிட்ட போனுக்கு அதே பாக்கெட் 12 மில்லிவிநாடி. அதுவரை மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு நிற்க வேண்டும். காற்று நேரத்தைச் சமமாகப் பங்கிடும் 'ஏர்டைம் ஃபேர்னஸ்' என்ற தேர்வு ரூட்டரில் இருந்தால் போட்டுவிடுங்கள். ரூட்டரைப் பின்கட்டுப் பக்கம் இரண்டு அடி நகர்த்திப் பாருங்கள். சிலசமயம் அதுவே போதும்.

ரிப்பீட்டர் வைத்த பிறகு சிக்னல் கூடியது, வேகம் பாதியானது. ரிப்பீட்டர் பழுதா?

பழுதில்லை. ஒரே ரேடியோவில் வாங்கி, அதே சேனலில் திருப்பி அனுப்புகிறது. ஒவ்வொரு பாக்கெட்டும் இரண்டு முறை காற்றில் போனால் பாதிதான் மிஞ்சும். ரூட்டரிலிருந்து அங்கே ஒரு கேபிள் இழுத்து, ரிப்பீட்டரை ஆக்சஸ் பாயிண்ட் முறைக்கு (கேபிளில் வாங்கி வைஃபையில் கொடுப்பது) மாற்றிவிடுங்கள்.