சாப்பாட்டு மேசைமேல் கிடந்த நாவல்

கேள்வி: டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் இருக்கிறோம். 16 வயது மகள் நகராட்சி நூலகத்திலிருந்து ‘ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே’ என்ற, பாலுறவுக் காட்சிகள் நிறைந்த ஆங்கில நாவலைக் கொண்டுவந்திருக்கிறாள். சாப்பாட்டு மேசைமேல் கிடந்ததைப் புரட்டிப் பார்த்தேன், உடம்பு கூசிவிட்டது. எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. நூலகமே அதை நீக்க வேண்டும் என்று எங்கள் கோயில் மாதர் சங்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவிலேயே எடுத்துவிட்டார்களாமே! இங்கே நூலகர் அசைய மாட்டேன் என்கிறார். என்ன செய்யலாம்?
– ஒரு தாய், டர்பன்

பதில்: தங்கச்சி, மனுவை அப்புறம் பார்ப்போம். போகிற போக்கில் ஒன்று எழுதியிருக்கிறீர்களே, புத்தகம் சாப்பாட்டு மேசைமேல் கிடந்தது என்று. தலையணைக்கு அடியில் இல்லை, பள்ளிக்கூடப் பைக்குள் இல்லை. வீட்டார் எல்லாரும் தட்டு வைக்கிற இடத்தில் கிடந்திருக்கிறது. 16 வயதுப் பெண்ணுக்கு மறைக்கத் தெரியாதா? மறைக்க நினைத்திருந்தால் போனிலேயே படித்து முடித்திருப்பாள், உங்களுக்கு அட்டையின் நிறம்கூடத் தெரிந்திருக்காது. அம்மா பார்க்கட்டும், பார்த்து ஏதாவது கேட்கட்டும் என்று வைத்தாளோ, நம் வீட்டில் ஒளிக்கத் தேவையில்லை என்று நம்பி வைத்தாளோ, இரண்டில் எதுவானாலும் அது உங்களுக்குக் கொடுத்த மரியாதை.

அதற்கு நீங்கள் செய்த பதில் மரியாதை என்ன? சத்தம் போடாமல் எடுத்துப் பூட்டினீர்கள். அவள் வந்து பார்த்திருப்பாள், புத்தகத்தைக் காணோம். அவளும் கேட்கவில்லை, நீங்களும் சொல்லவில்லை. பெற்ற பெண்ணிடம் பேச வாய் வராதவருக்கு ஊர்ப் பெண்களிடம் பேச மட்டும் வந்திருக்கிறது. உங்கள் மகள் என்ன படிக்கிறாள் என்பது இப்போது மாதர் சங்கத்துக்கே தெரியும். அடுத்த வெள்ளிக்கிழமை பூஜைக்கு அந்தப் பெண் எந்த முகத்தோடு வருவாள்? யோசித்தீர்களா?

அமெரிக்கச் செய்தியையும் பாதிதான் கேட்டிருக்கிறீர்கள். ஃபுளோரிடாவின் பிரெவார்ட் மாவட்ட நூலகங்கள் 2012 மே மாதம் இந்த நாவலை எடுத்தது உண்மை. எதிர்ப்பு கிளம்பியதும் அந்த மாதமே திரும்ப வைத்ததும் உண்மை. அவ்வளவு தூரம் போவானேன்? டர்பனின் மேகசின் பாரக்ஸ் குடியிருப்பிலிருந்து நம் சனங்களைப் பெயர்த்து சாட்ஸ்வொர்த்தில் கொண்டுவந்து கொட்டிய நிறவெறி ஆட்சிதான், நாம் எதைப் படிக்கலாம் என்பதையும் தீர்மானித்துக்கொண்டிருந்தது. 1974-ல் ஆந்த்ரே பிரிங்கின் ஆஃப்ரிகான்ஸ் மொழி நாவலைத் தடை செய்தார்கள். 1979-ல் நடீன் கோர்டிமரின் ‘பர்கர்ஸ் டாட்டர்’ நாவலைத் தடை செய்து, சில மாதங்களில் அவர்களே விலக்கிக்கொண்டார்கள். அந்த வேலையை இன்றைக்கு நாம் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து செய்ய வேண்டுமா? தகவலையும் கருத்தையும் பெறும் உரிமையை நம் தென்னாப்பிரிக்க அரசியல் சாசனத்தின் 16ஆம் பிரிவு எழுதியே வைத்திருக்கிறது. நூலகர் அசையாமல் இருக்கிறார் என்றால் தன் வேலையை ஒழுங்காகப் பார்க்கிறார் என்று அர்த்தம்.

நானும் அந்த நாவலைப் படித்தேன். பிடிக்கவில்லை. உங்களுக்குக் கூசிய இடங்களைவிட என்னை உறுத்தியது வேறு. பணக்காரக் கதாநாயகன் கதாநாயகியிடம் ஒரு ஒப்பந்தத்தை நீட்டுகிறான். அவள் எதைச் சாப்பிட வேண்டும், எதை உடுத்த வேண்டும், எவ்வளவு நேரம் தூங்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. இதற்குக் காதல் என்று பெயர்! நாளைக்கே ஒரு பையன் உங்கள் மகளிடம் “போனைக் காட்டு, யாரோடு பேசினாய்?” என்று கேட்டால், அது அன்பில்லை என்று அவளுக்கு யார் சொல்லித் தருவது? நூலகரா, சங்கத் தலைவியா? அது பெற்றவர்கள் கடமை. (உங்கள் வீட்டுக்காரரைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. வீட்டில் இருக்கிறார் என்றால் அவருக்கும்தான் சொல்கிறேன்.) பெண்ணின் கல்யாணத்துக்கு அவள் பிறந்த நாளிலிருந்து பணம் சேர்க்கிறோம், ஆண் பெண் உறவு என்னவென்று மட்டும் கடைசிவரை வாய் திறக்க மாட்டோம்.

என் வீட்டில் 16 வயதுப் பெண் இருந்தால், இந்தப் புத்தகம் உனக்கு இப்போது வேண்டாம் என்றுதான் சொல்வேன். முகத்தைப் பார்த்துச் சொல்வேன், காரணத்தையும் சொல்வேன். அம்மா என்ற முறையில் அந்த உரிமை உங்களுக்கு உண்டு. பக்கத்துத் தெருவில் இருக்கும் 40 வயதுக்காரி எதைப் படிக்கலாம் என்று சொல்ல உங்களுக்கு எந்த உரிமையும் கிடையாது.

இன்று ராத்திரியே அலமாரியைத் திறந்து புத்தகத்தை அவள் கையில் கொடுங்கள். கேட்காமல் எடுத்ததற்கும், வெளியில் போய்ச் சொன்னதற்கும் மன்னிப்புக் கேளுங்கள். கேட்டால் தாய் ஒன்றும் தாழ்ந்துபோக மாட்டாள். எதுவரை படித்தாள், அந்த ஆளைப் பற்றி என்ன நினைக்கிறாள் என்று விசாரியுங்கள். அவள் பேசி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். அதற்குப் பிறகு உங்கள் அபிப்பிராயத்தைச் சொல்லுங்கள். மனுவிலிருந்து உங்கள் பெயரை அடித்துவிடுங்கள், மற்றவர்கள் கேட்டால் காரணம் சொல்லுங்கள். நூலகத்தில் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேதி தாண்டியிருந்தால் அபராதத்தை நீங்களே கட்டுங்கள், அவள் கைச்செலவுக் காசில் கை வைக்காதீர்கள்.