ஏரியல் ஹூப்பில் பின்வளைவு: ஊஞ்சல் கொக்கியில் மாட்டி வீட்டிலேயே பழகலாமா?

கேட்டவர் வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கிறார். தரையில் தனுராசனம் (குப்புறப் படுத்துக் கணுக்காலைப் பிடித்து வில் மாதிரி வளைவது) வருகிறது, ஏரியல் ஹூப் (மேலிருந்து தொங்கவிட்டு அதில் ஏறிப் பழகுகிற உலோக வளையம்) வாங்கியாகிவிட்டது, ஹாலில் ஊஞ்சல் கொக்கி இருக்கிறது. ‘பேர்ட்ஸ் நெஸ்ட்’ என்கிற பின்வளைவை வீடியோ பார்த்தே பழகிவிடலாமா, முதுகு போய்விடுமா என்று கேட்டிருக்கிறார்.

முதலில் கொக்கி விஷயத்தை முடித்துவிடுகிறேன். வேண்டாம். ஊஞ்சல் பலகை பாரத்தை நாலு சங்கிலிக்குப் பிரித்துக் கொடுக்கும், ஆட்டமும் முன்னும் பின்னும்தான். ஹூப் பெரும்பாலும் ஒரே புள்ளியில் தொங்கும், சுற்றும், நீங்கள் அதில் உதறிக்கொண்டு ஏறி இறங்கும்போது கொக்கிக்குப் போகிற இழுப்பு உங்கள் எடையைவிடச் சில மடங்குவரை போகலாம். ஹூப்பை மாட்டுகிற காரபினரை (திறந்து மூடுகிற உலோகக் கொக்கி) திருப்பிப் பாருங்கள், 22 கிலோநியூட்டன் என்பது போல ஏதாவது அடித்திருக்கும், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் என்று பொருள். உங்கள் கொக்கி எவ்வளவு தாங்கும் என்று வீடு கட்டின மேஸ்திரிக்கே தெரியாது. மின்விசிறிக் கொக்கியைப் பற்றிக் கேட்கவே கேட்காதீர்கள். சென்னையிலும் பெங்களூரிலும் ஏரியல் சொல்லித்தருகிறவர்கள் இருக்கிறார்கள், காட்பாடியில் ரயில் ஏறினால் இரண்டுமே போய்விட்டு அன்றைக்கே திரும்புகிற தூரம்தான். நானும் அப்படி ஞாயிற்றுக்கிழமைகளில் போய்த்தான் கற்றுக்கொண்டேன்.

சரி, இப்போது வளைவுக்கு வருவோம். பேர்ட்ஸ் நெஸ்ட் என்பது தனுராசனத்தைத் தூக்கி மேலே மாட்டியது மாதிரிதான். கீழ்க் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, காலைக் கைகளுக்கு நடுவே மேலே கொண்டுபோய், புறங்காலைக் கம்பியில் கொக்கி போலப் போட்டு, அப்புறம் இடுப்பை முன்னால் தள்ளினால் வயிறு தரையைப் பார்த்துத் தொங்கும், கையும் காலும் பின்னால் மேலே இருக்கும். பார்க்க அவ்வளவுதான். ஆனால் தரையில் செய்யும்போது உங்கள் எடை வயிற்றில் இருக்கிறது, இங்கே மொத்த எடையும் பின்னால் திருகின தோளிலும் புறங்காலிலும் தொங்குகிறது. அதனால் தரையில் தனுராசனம் வந்துவிட்டது என்பதை மட்டும் வைத்து இதில் ஏறாதீர்கள். கம்பியில் சும்மா அரை நிமிடம் தொங்க முடிகிறதா, கையைப் பின்னால் கோத்து முழங்கை மடங்காமல் மேலே தூக்கினால் தோளின் முன்பக்கம் குத்தாமல் இருக்கிறதா, இந்த இரண்டையும் பாருங்கள்.

முதுகில் பெரும்பாலானவர்களுக்கு நடப்பது என்ன என்றால், மேல் முதுகு அசையவே அசையாது, தொடையின் முன்பக்கம் நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இறுகிப்போயிருக்கும், ஆகவே வளைவு முழுவதும் இடுப்புக்கு மேலே ஒரே இடத்தில் கதவுக் கீல் மாதிரி மடங்கும். போட்டோவில் அழகாகத் தெரியும், வலி பிறகு வரும். போர்வையைச் சுருட்டி நெஞ்சுக்குப் பின்னால் குறுக்கே வைத்து அதன்மேல் மல்லாந்து படுங்கள், ஒரு முட்டியைத் தரையில் ஊன்றி தொடையின் முன்பக்கத்தை நன்றாக இழுத்துவிடுங்கள், சலபாசனம் (குப்புறப் படுத்துக் காலைப் பின்னால் தூக்குவது) செய்யுங்கள். ஹூப்பில் இடுப்பைத் தள்ளும்போது பிட்டத்தை இறுக்கி, நெஞ்சை முன்னால் அனுப்புங்கள், மூச்சை அடக்காதீர்கள். மூச்சு விட முடியவில்லை என்றால் அளவுக்கு மேல் வளைந்துவிட்டீர்கள்.

இதைவிட முக்கியம் வெளியே வருவது. உள்ளே போவதை எல்லாரும் வீடியோவில் காட்டுகிறார்கள், திரும்புவதை வெட்டிவிடுகிறார்கள். வளைவிலேயே களைத்துப் போன பிறகுதான் திரும்ப வேண்டியிருக்கும் என்பதால், முழு வளைவுக்குப் போகும் முன்பே பாதியில் நின்று திரும்புவதைப் பழகுங்கள்: தாடையை நெஞ்சோடு சேர்த்து, வயிற்றை உள்ளே இழுத்து, பிட்டத்தைப் பின்னால் கொண்டுவந்து, முட்டியைக் கம்பியில் மடக்கிப் போட்டு, அப்புறம்தான் மூச்சு வாங்குவது. கால் நழுவினால் உடம்பு முழுவதும் முறுக்கின தோளில் தொங்கும், அந்த நேரம் பாதம் தரையைத் தொட்டுவிட வேண்டும், ஆகவே ஆரம்பத்தில் கீழ்க் கம்பி உங்கள் நெஞ்சுயரத்துக்கு மேல் போகவே கூடாது. கை நழுவினால் முகமும் கழுத்தும் முதலில் போகும். அதற்காகத்தான் கட்டைவிரலைக் கம்பியைச் சுற்றிப் போடச் சொல்வது, கீழே தடிமனான மேட், பக்கத்தில் நெஞ்சையும் இடுப்பையும் தாங்கத் தெரிந்த ஒருவர். பாகாயத்தில் 1966 முதல் மறுவாழ்வு மையம் நடக்கிற ஊர் இது, அது இப்போது டாக்டர் மேரி வர்கீஸ் பெயரில் இருக்கிறது, கார் விபத்தில் தண்டுவடம் அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தபடியே அறுவை சிகிச்சை செய்தவர் அவர். கழுத்தில் விழுந்தால் என்ன ஆகும் என்று வேலூர்க்காரருக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

நம்ம ஊர் வெயில் வேறு ஒரு தொல்லை. ஏப்ரல், மே மாதத்தில் சாயந்தரம் ஆறு மணிக்குக்கூட உள்ளங்கை ஈரமாகவே இருக்கும், கம்பியில் சுற்றியிருக்கிற டேப்பும் வழுக்க ஆரம்பிக்கும். விடியற்காலையில் வியர்வை இல்லை, ஆனால் தூங்கி எழுந்த உடனே முதுகு விறைப்பாக இருக்கும். எழுந்து ஒரு மணி நேரம் வீட்டு வேலை பார்த்துவிட்டு ஆரம்பியுங்கள், கையைத் துடைத்துச் சாக்பொடி போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் தோளும் வயிறும் வலித்தால் பரவாயில்லை. ஆனால் ஒற்றைக் காலில் நின்று லேசாகப் பின்னால் சாயும்போது இடுப்புக்கு மேல் ஒரு பக்கம் மட்டும் சுருக்கென்று குத்தினால் பின்வளைவை அன்றோடு நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள், அடிக்கடி பின்னால் வளைகிறவர்களுக்கு முதுகெலும்பில் மெல்லிய விரிசல் வருவது உண்டு, வளர்கிற வயதுப் பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். கால் மரத்துப் போனால் அன்றைக்கே போய்விடுங்கள்.