கங்காரு பராமரிப்பு ஆய்வு: ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடலாமா?

கேள்வி: எங்கள் குழந்தை 34 வாரத்திலேயே பிறந்துவிட்டது, எடை 1,650 கிராம். அரசு மருத்துவமனையின் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருக்கிறது. குழந்தையை வெற்று மார்போடு தோல்படச் சேர்த்து அணைத்திருக்கும் கங்காரு பராமரிப்பைச் செயல்படுத்துவது பற்றிய ஆய்வு என்று கூறி, ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். குழந்தையை வைத்துச் சோதனை செய்கிறார்களோ என்று வீட்டில் அஞ்சுகிறார்கள். கையெழுத்திடலாமா?

பதில்: படிவத்தை முழுவதும் படித்துக்காட்டச் சொல்லிக் கேட்டபின் தாராளமாகக் கையெழுத்திடலாம். கங்காரு பராமரிப்பு பலன் தருமா என்ற கேள்விக்கு எப்போதோ விடை கிடைத்துவிட்டது. எவ்வளவு சீக்கிரம் தொடங்குவது நல்லது என்பதற்கும் கிடைத்துவிட்டது. தில்லி சப்தர்ஜங் மருத்துவமனை உட்பட ஐந்து நாடுகளின் மருத்துவமனைகளில், 1,000 முதல் 1,799 கிராம் வரை எடையுள்ள குழந்தைகளிடம் உலக சுகாதார நிறுவனம் நடத்திய ஆய்வில், பிறந்ததுமே தாயின் மார்போடு சேர்க்கப்பட்டவர்களில் 12 சதவீதத்தினரும், உடல்நிலை சீரானபின் சேர்க்கப்பட்டவர்களில் 15.7 சதவீதத்தினரும் 28 நாட்களுக்குள் இறந்தனர். இந்த வேறுபாடு தெளிவானதும், 2020 ஜனவரியில் புதிதாகக் குழந்தைகளைச் சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள்.

பலன் உறுதியான ஒரு முறை எல்லாக் குழந்தைகளுக்கும் ஏன் கிடைக்கவில்லை, எதை மாற்றினால் கிடைக்கும் என்று பார்ப்பதே செயலாக்க ஆய்வு. எத்தியோப்பியாவிலும், இந்தியாவில் ஹரியானா, கர்நாடகம், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களிலும் இத்தகைய ஆய்வு நடந்திருக்கிறது. தாயை ஒரு தளத்திலும் குழந்தையை வேறொரு தளத்திலும் படுக்கவைத்து, பால் கொடுக்கும் நேரத்தில் மட்டும் உள்ளே விட்டு, உதவிக்கு வந்த பாட்டியை வாசலிலேயே தடுத்து நிறுத்தும் மருத்துவமனையில் நாளொன்றுக்கு எட்டு மணி நேரக் கங்காரு பராமரிப்பு எப்படி நடக்கும்? சாய்வு நாற்காலி வாங்கவும் பார்வையாளர் விதியைத் தளர்த்தவும்கூட ஓர் ஆய்வு வந்துதான் சொல்ல வேண்டியிருக்கிறது என்பது எனக்குப் பொறுக்கவில்லை.

"மூக்கில் குழாய் இருக்கிறது, ஆக்சிஜன் போகிறது, இப்போது கூடாது" என்று பலர் தடுப்பார்கள். அது சரியல்ல. தானாக மூச்சுவிட முடியாத, ரத்த ஓட்டம் குலைந்து அதிர்ச்சி நிலையில் உள்ள, வென்டிலேட்டர் தேவைப்படும் குழந்தைகளுக்கே விலக்கு உண்டு. குழாய் வழியே பால் குடிக்கும் குழந்தையையும், ஆக்சிஜனில் உள்ள குழந்தையையும், மூக்கு வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுக்கு உதவும் சிபாப் கருவியில் உள்ள குழந்தையையும்கூடச் செவிலியரின் கண்காணிப்பில் மார்போடு அணைக்கலாம். தொப்பி, காலுறை, டயப்பர் மட்டும் அணிவித்து, மார்புகளுக்கு நடுவே நிமிர்த்தி வைத்து, மூச்சுத் தடைபடாதபடி தலையை ஒருபக்கமாகத் திருப்பி, துணியால் கட்ட வேண்டும். தாய் ஓய்வெடுக்கும்போது நீங்களும் செய்யலாம்.

நீங்கள் அஞ்ச வேண்டியது படிவத்துக்கு அல்ல, வாசலில் நிற்கும் தரகருக்கு. "இங்கே சோதனை செய்கிறார்கள், தனியாரில் நல்ல இன்குபேட்டர் இருக்கிறது, ஆம்புலன்ஸ் தயார்" என்று அவர் உங்கள் அச்சத்தை விலைபேசுவார். அவர் பேச்சை நம்பி 1,650 கிராம் குழந்தையை வண்டியில் ஏற்றாதீர்கள். வழியிலேயே உடல் குளிர்ந்துவிடலாம். வேறு மருத்துவமனை உண்மையிலேயே தேவையென்றால் மருத்துவரே எழுதி அனுப்புவார். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வாகனம் எல்லாம் இலவசம் என்பது 2011 முதல் நடைமுறையில் உள்ள மத்திய அரசுத் திட்டம். பால்பவுடர் டப்பாவோடு வருபவரையும் அருகில் விடாதீர்கள். அதை விளம்பரப்படுத்துவது 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம்.

கையெழுத்திடும் முன், மறுத்தாலும் இடையில் விலகினாலும் சிகிச்சை குறையாது என்று படிவத்தில் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். ஆய்வுக்கென்று உங்களிடம் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. ஆய்வாளர், ஆய்வு முறையாக நடக்கிறதா என்று கண்காணிக்கும் நெறிமுறைக் குழு ஆகியோரின் தொலைபேசி எண்கள் உள்ள படிவத்தின் நகலைக் கேட்டு வாங்கி, குழந்தையின் மருத்துவக் குறிப்போடு வைத்துக்கொள்ளுங்கள்.