பூங்கா தெருவைக் குளிர்விக்கிறதா? அளந்து காட்டும் வழி

கேள்வி: பாளையங்கோட்டையில் எங்கள் தெருக்களுக்கு மேற்கே இரண்டு ஏக்கர் பூங்கா இருக்கிறது, வேம்பும் புங்கையுமாக நல்ல நிழல். பாதியில் தளம் போட்டு வாகன நிறுத்தமாக்கும் பேச்சு அடிபடுகிறது. பூங்காவால் தெரு குளிர்கிறது என்று மாநகராட்சிக்கு எண்ணோடு மனு கொடுக்க வேண்டும். எப்படி அளப்பது?

பதில்: பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தால், பகலில் பூங்காக் காற்று சுற்றுப்புறத்தைவிடச் சராசரியாக 1 டிகிரி செல்சியஸ்தான் குறைவு. மலிவான டி.எச்.டி.22 வெப்பநிலை உணரியின் பிழையோ ±0.5 டிகிரி. ஒன்று கூட்டியும் மற்றொன்று குறைத்தும் காட்டினால், உங்கள் ‘குளிர்ச்சி’ முழுவதும் கருவியின் கோளாறாகவே இருந்துவிடும். மனு இந்த இடத்திலேயே தோற்றுவிடக்கூடும்.

எனவே ±0.2 டிகிரி துல்லியமுள்ள எஸ்.எச்.டி.31 உணரிகள் நான்கு வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே நிழலில் அருகருகே மூன்று நாள் ஓடவிடுங்கள். சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் விலகும் அளவைக் குறித்துவைத்து, பின்னர் அதன் அளவீடுகளில் சரிக்கட்டுங்கள். வேலை முடிந்ததும் இதையே மறுபடி செய்து பாருங்கள். விலகல் மாறியிருந்தால் அந்த உணரியை நம்பக் கூடாது.

ஒன்று பூங்கா நடுவில். இரண்டு உங்கள் தெருவில், வேலியிலிருந்து 50, 100 மீட்டரில். நான்காவது, அரை கிலோமீட்டராவது தள்ளி, இதே அகலமும் திசையும் கட்டட உயரமும் உள்ள மரமில்லாத தெருவில். இந்த ஒப்பீட்டுத் தெருவைத் தேர்வதில் அவசரப்படாதீர்கள்: பக்கத்தில் குளமோ, கார், பிசானம் என்னும் நெற்பருவங்களில் தண்ணீர் கட்டிய வயலோ இருந்தால் அந்தக் குளிர்ச்சியும் கணக்கில் கலந்துவிடும்.

எல்லாம் தரையிலிருந்து 1.5 மீட்டர் உயரத்தில், காற்றுப் புகும் வெள்ளைத் தட்டு அடுக்குக் கூண்டுக்குள் இருக்கட்டும். சுவரில் மாட்டினால் சுவரின் சூட்டைத்தான் அளப்பீர்கள். 10 நிமிடத்துக்கு ஒரு பதிவு, குறைந்தது இரண்டு வாரம்.

ஆனி, ஆடியில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று பூங்காவின் குளிர்ச்சியைக் கிழக்கே தள்ளும். உங்கள் தெருவுக்குச் சாதகம். வடகிழக்குப் பருவத்தில் காற்று திரும்பிவிடும். ஆகவே காற்று வீசும் திசையையும் தினமும் எழுதுங்கள். காற்றடங்கிய சித்திரை நாட்களிலும் ஒருமுறை அளப்பது நேர்மையானது. பிற்பகல் 2–4, இரவு 8–10 இரண்டையும் தனித்தனியாகக் கணக்கிடுங்கள். அடர்ந்த இலைக்கூரை இரவில் சூட்டைப் பிடித்துவைக்கும். அப்போது வித்தியாசம் குறைந்தால் மறைக்க வேண்டாம்.

உடம்புக்குத் தெரியும் சுகத்தில் பெரும்பங்கு நிழலுடையது. 40 மி.மீ. மேசைப்பந்துக்கு மங்கலான சாம்பல் வண்ணம் பூசி, நடுவில் உணரி வைத்து, வெயிலிலும் நிழலிலும் தலா 15 நிமிடம் விட்டு அளவெடுங்கள். காற்றின் வெப்பத்தைவிட இதில் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

செயற்கைக்கோள் படத்தை மட்டும் நம்பி மனு எழுதாதீர்கள். லேண்ட்சாட் வெப்பப் படத்தின் ஒரு புள்ளி 100 மீட்டர் சதுரம், அதாவது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். உங்கள் பூங்கா அதற்குள்ளேயே அடங்கிவிடும். தவிர, அது காட்டுவது முற்பகல் நேரத்தின் தரை, கூரைச் சூடு. நாம் சுவாசிக்கும் காற்றின் சூடு அல்ல. சென்டினல்-2 படம் 10 மீட்டர் துல்லியம் கொண்டதால் பசுமைப் பரப்பை அளக்க உதவும். ஆனால் சீமைக் கருவேலமும் அதில் பச்சைதான். நேரில் நடந்து சரிபார்க்க வேண்டும்.

மனுவில் காற்றிலுள்ள தூசு அளவையும் சேர்க்க விரும்பினால், மழை நாட்களையும் ஈரப்பதம் 80 சதவீதத்தைத் தாண்டிய நேரங்களையும் நீக்குங்கள். ஒளியைக் கொண்டு தூசை எண்ணும் மலிவான உணரிகள் ஈரத்தில் உப்பிய துகளைத் தூசாகவே எண்ணி அதிகம் காட்டும்.

மனுவில் சராசரியோடு, அளந்த நாட்கள், மிகக் குறைந்த, மிக அதிக வித்தியாசம், உணரிகள் நின்ற இடங்களின் வரைபடம் ஆகியவற்றையும் இணையுங்கள். மூலப் பதிவுக் கோப்பையும் கொடுத்துவிட்டால், மாநகராட்சிப் பொறியாளர் தாமே கணக்கிட்டுப் பார்க்கலாம்.